டிரம்முக்குள் கிடந்த மக்

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். காலேஜ் முதல் வருஷம், ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணே, எங்க விங்ல ஏழு பேருக்கு வாந்தி பேதி. மெஸ் சாப்பாடு சரியில்லண்ணே. எல்லாரும் சேர்ந்து வார்டன் ரூமுக்குப் போகப் போறோம்" என்றான். குரலில் கவலையைவிட உற்சாகம்தான் அதிகம். முதல் போராட்டம் இல்லையா.

"உங்க பாத்ரூம்ல தண்ணி குழாய்ல வருதா, டிரம்ல பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் மெஸ்ஸைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். ஆனால் 2019 ஜூனில் திருவல்லிக்கேணியில் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கிப் போய், ஒரு தப்பும் செய்யாத ஒரு அம்மாவை நடுத்தெருவில் வைத்துச் சத்தம் போட்டவன் நான். அதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை, எழுத வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்த வருஷத்துச் சென்னை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள், ஜூலை 12 அன்று முதல் ரயில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு வந்தபோது மாலை போட்டு வரவேற்ற கதையெல்லாம் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது நான் சொல்லப்போவது. பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று மாடி மேன்ஷன். இரண்டாவது மாடியில் பதினோரு அறை, இருபத்திரண்டு பேர். வராண்டா முடிவில் நாலு கக்கூஸ், இரண்டு குளியலறை, ஒரே ஒரு வாஷ்பேசின். போர் தண்ணீர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி சம்பில் ஊற்றி, காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி மோட்டார் போடுவார்கள். அந்த அரை மணியில் குளித்தவன் புண்ணியவான். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? கக்கூஸ் வாசலில் இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்து நிரப்பிவிட்டார்கள். டிரம்முக்குள் ஒரு சிவப்பு மக்.

அந்த மக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பிடி உடைந்தது. அந்த மக் தண்ணீரில் கவிழ்ந்து அடியில் போய்விடும், அதனால் எடுக்க வேண்டுமென்றால் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். இருபத்திரண்டு பேரும் துழாவினோம். உள்ளே போகும்போது பக்கெட்டில் எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு தடவை, வெளியே வந்து கை கழுவ இன்னொரு தடவை. அதாவது, கழுவ வேண்டிய கையை முதலில் டிரம்முக்குள் விட்டு, மக்கைத் தேடி எடுத்து, அந்தத் தண்ணீரில் அந்தக் கையைக் கழுவுகிறோம். இப்போது எழுதும்போதுதான் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. தண்ணீர் கிடைத்ததே பெரிய விஷயம்.

எங்களுக்கு இருந்த பயமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. நாலு கக்கூஸில் ஒன்று வெஸ்டர்ன். அதில் உட்கார்ந்தால் வியாதி வரும் என்று ஒருத்தனும் உட்கார மாட்டான். மேலே ஏறிக் குந்துவான், சீட்டில் எப்போதும் இரண்டு செருப்புத் தடம் இருக்கும். ஆனால் தாழ்ப்பாள் கழன்றுபோன மூன்றாம் நம்பர் கதவை இழுத்துப் பிடிக்க நைலான் கயிறு ஒன்று கட்டியிருந்தது. எப்போதும் ஈரமாக, முடிச்சுக்குப் பக்கத்தில் கறுத்துப்போய் இருக்கும். அதை எல்லாரும் உள்ளே போகும்போது ஒரு கையாலும், வெளியே வரும்போது எந்தக் கையோ அந்தக் கையாலும் பிடித்தோம். அந்தக் கயிற்றைப் பார்த்து ஒருத்தன்கூட முகம் சுளித்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை இருக்கும். வயிற்றில் சின்ன முறுக்கல்கூட இல்லை, திடீரென்று வாயில் உமிழ்நீர் ஊறியது. அறையிலிருந்து ஓடினேன். கக்கூஸ் வரை போக முடியவில்லை, வாஷ்பேசினிலேயே எடுத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டது, ராத்திரி சாப்பிட்டது எல்லாம். அடுத்த ஆறு மணி நேரத்தில் எத்தனை தடவை அந்த வராண்டாவில் ஓடினேன் என்று கணக்கில்லை, கடைசியில் கக்கூஸ் வாசலிலேயே செய்தித்தாள் விரித்துப் படுத்துவிட்டேன். வாஷ்பேசினை எப்படிச் சுத்தம் செய்தேன்? ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். ஒரே ஒரு மக். விடியும்வரை இன்னும் இருபது பேருக்கு அந்த டிரம்தான், இரண்டாவது மக் ஊற்றினால் பாவம் என்று தோன்றியது. அந்த மக்கை மறுபடியும் டிரம்முக்குள்ளேயே போட்டேன். காலையில் எல்லாரும் அந்த பேசினில்தான் பல் விளக்கினார்கள், வாய் கொப்பளித்தார்கள்.

சனிக்கிழமை மூன்று பேர் விழுந்தார்கள்.

அப்போதே கூட்டம் கூடிவிட்டது. எதிர்ச்சந்தில் ஒரு அக்கா மெஸ் நடத்தினார், வீட்டு முன்பக்கத்தில் நாலு பெஞ்ச், மத்தியானம் ஐம்பது பேர் சாப்பிடுவார்கள். வியாழக்கிழமை முட்டைக் குழம்பு. எனக்கு அந்தக் குழம்பின் வாசம் நினைவுக்கு வந்தாலே குமட்டியது, வாந்தியில் கடைசியாகப் பார்த்ததும் அதுதானே. அதனால் சந்தேகமே வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறு பேர் போனோம். நான்தான் முதலில் பேசினேன். "பழைய முட்டையப் போட்டு ஆளக் கொல்லப் பாக்குறீங்களா" என்றேன். அந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அதே கொழம்பத்தான் எம் புள்ளைங்களும் தின்னுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். நான் அதை வெற்றியாக நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழுதாகச் சரியாகிவிட்டது. பசி வேறு. அன்றைக்குப் பார்த்து ஆறாம் நம்பர் அறைக்காரர் ஊரிலிருந்து பண்ருட்டிப் பலா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலாப்பழம் உரிக்க எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வராண்டாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பால் ஒட்டாமல் சுளை சுளையாக எடுத்து, கொட்டையை நீக்கி, போகிற வருகிறவன் கையிலெல்லாம் கொடுத்தேன். ஊட்டிவிடாத குறை. செவ்வாய்க்கிழமைக்குள் இன்னும் ஐந்து பேர்.

இப்போது குற்றவாளி மாறினான். "பலாப்பழம் சூடுல்ல, அதான் வயித்தக் கலக்கிடுச்சு" என்றார்கள். பாவம் பழம்.

எங்கள் மாடியில் மருந்து கம்பெனி ரெப் ஒருவர் இருந்தார், தேனிக்காரர், எல்லாருக்கும் அண்ணன். அவருக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட்டு அறை நம்பர், என்றைக்கு ஆரம்பித்தது, எங்கே சாப்பிட்டான் என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, பேனாவால் தட்டினார். சனிக்கிழமை விழுந்த மூன்று பேரில் ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்பில் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர். இன்னொருவர் ஆபீஸ் கேன்டீன். இரண்டு பேரும் அந்த மெஸ் படியைக்கூட மிதித்ததில்லை. அதைவிடப் பெரிய விஷயம் முதல் மாடி. அங்கே முக்கால்வாசிப் பேர் அதே மெஸ்ஸில் அதே முட்டைக் குழம்பைத்தான் சாப்பிட்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. முதல் மாடிக்குத் தனிக் கக்கூஸ், தனி டிரம்.

"கெட்டுப்போன சாப்பாடுன்னா எல்லாரும் ஒரே நேரத்துல விழணும்டா. இது வரிசையா விழுந்திருக்கு" என்றார்.

எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன், இந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. உணவிலேயே பாக்டீரியா வளர்ந்து நஞ்சை விட்டிருந்தால், சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஏழெட்டு மணி நேரத்துக்குள் ஆட்டம் ஆரம்பித்துவிடும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒட்டுமொத்தமாகப் படுப்பார்கள். கல்யாண வீட்டுச் செய்திகளில் வருவது பல சமயம் அந்த ரகம். ஆளுக்கு ஆள் தொற்றும் வயிற்று வைரஸுக்கு நடை வேறு. நோரோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே போன பிறகு 12 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை சத்தம் போடாமல் இருக்கும். அதனால் வாந்தியில் கடைசியாக எதைப் பார்த்தோமோ அதுதான் காரணம் என்று நினைப்பது அனேகமாகத் தப்பாகத்தான் முடியும். குற்றம் முந்தாநாள் நடந்திருக்கும், நாம் இன்றைக்குப் பக்கத்தில் நின்றவனைப் பிடித்து உதைப்போம்.

எங்களுக்கு வந்தது நோரோதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், யாரும் மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. தெருமுனை டாக்டர் கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வைரல்தான், ரெண்டு நாள்ல போயிரும், ஆன்டிபயாட்டிக் கேட்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். ஆனால் திடீர் வாந்தி, இரண்டு நாளில் நின்றது, இரண்டிரண்டு நாள் இடைவெளியில் பரவியது எல்லாம் அந்தக் குடும்பத்து லட்சணம்தான். 1968-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் வாத்தியார்களும் இப்படித்தான் வரிசையாக விழுந்தார்கள். 1972-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆளைக் கண்டுபிடித்து, அந்த ஊர் பெயரையே வைத்துவிட்டார்கள், அதுதான் சுருங்கி நோரோ ஆனது. நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். அடுத்தவனைப் படுக்கவைக்க நூறு வைரஸ்கூட வேண்டாம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்தச் சிவப்பு மக்தான் கண் முன்னால் வந்தது.

இன்னொன்று, வாந்தி நின்றதும் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை. சரியான பிறகும் இரண்டு வாரம் வரை, சில பேருக்கு அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும். அறிகுறி நின்று குறைந்தது 48 மணி நேரமாவது அடுத்தவருக்குச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது என்பது விதி. நான் சரியான அன்றைக்கே பலாப்பழம் உரித்தேன். பலாப்பால் போக எண்ணெய் தடவி, தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய பனியனில் துடைத்த கையால். மெஸ்ஸுக்குச் சண்டைக்குப் போனவனும், வாஷ்பேசினை ஒரு மக்கில் முடித்தவனும், சுளை கொடுத்தவனும் ஒரே ஆள். எனக்கு எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி, பஸ் கம்பியிலிருந்து வந்திருக்கலாம், கயிற்றிலிருந்து வந்திருக்கலாம். எங்கள் மாடிக்கு மொத்த விநியோகம் என்னுடையது.

ரெப் அண்ணன் பையில் சாம்பிள் சானிடைசர் பாட்டில் நாலைந்து இருந்தது. அதை எடுத்து ஆளுக்கொன்று கொடுக்கப் போனவர் அவரே நிறுத்தினார். சாராயம் கலந்த அந்தத் திரவம் சில கிருமிகளின் மேலே இருக்கும் கொழுப்புச் சட்டையைக் கரைத்துக் கொல்கிறது. நோரோவுக்கு அந்தச் சட்டையே கிடையாது, அதனால் சானிடைசரை நம்பி உட்கார முடியாது. மறு வருஷம் கொரோனா வந்தபோது ஊரே சானிடைசரில் குளித்தது, கொரோனாவுக்குச் சட்டை உண்டு, அதனால் அது சரி. ஆனால் அதற்கப்புறம் ஒரு கெட்ட பழக்கம் தங்கிவிட்டது. கக்கூஸ் போய்விட்டு வந்து இரண்டு சொட்டு ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போகிற ஆட்களை ஆபீஸில் தினமும் பார்க்கிறேன். சோப்பும் ஓடும் தண்ணீரும் செய்கிற வேலை வேறு, அது நோரோவைக் கொல்ல மெனக்கெடுவதில்லை, வழுக்கி விழவைத்து சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. இருபது வினாடி தேய்க்கச் சொல்வது அதற்காகத்தான். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல். கட்டைவிரலை நம் ஆட்கள் கழுவுவதே இல்லை, கவனித்துப் பாருங்கள்.

சோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பேசினில் யார் வைத்தது என்று தெரியாத ஒரு சோப்புச் சில்லு ஒட்டிக்கொண்டே கிடக்கும். "எவன் எவன் தொட்டதோ" என்று யாரும் தொட மாட்டார்கள். 1988-ல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், சோப்புக் கட்டியில் வேண்டுமென்றே பாக்டீரியாவைத் தடவி ஆட்களைக் கழுவச் சொன்னார்கள், கழுவிய கையில் அது ஒட்டவில்லை. அடுத்தவன் சோப்புக்குப் பயந்து வெறும் தண்ணீரில் கழுவியதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம். கயிற்றுக்குப் பயமில்லை, சோப்புக்குப் பயம்!

அடுத்த நாள் சுத்தம் செய்யும் படலம். காலையில் கக்கூஸ் கழுவ வருகிற அக்காவிடம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நாட்டாமை செய்தோம். வழக்கமாக அவர் ஒரு பாட்டில் வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரில் கலக்கித் தெளித்துவிட்டுப் போவார், வாசம் கும்மென்று இருக்கும், நாங்களும் சுத்தமாகிவிட்டது என்று நம்புவோம். இந்த மாதிரி வைரஸுக்குப் பினாயிலை நம்ப முடியாது, குளோரின் வேண்டும். டாக்டர் சொன்னபடி பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோ வாங்கி வந்து கொடுத்தோம். அக்கா சுறுசுறுப்பானவர். முதலில் கோப்பையில் ஆசிட்டை ஊற்றிவிட்டு, "ரெண்டும் சேந்தா நல்லா போகும்" என்று பவுடரையும் மேலே கொட்டினார். ஐந்து வினாடிகூட ஆகவில்லை, கண் எரிய, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார், நாங்கள் வராண்டாவில் இருமிக்கொண்டு ஓடினோம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்ல விட்ட அதே வாயு. ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை, அந்த அக்காவுக்கு மத்தியானம் வரை இருமல் நிற்கவில்லை. அவருக்கு யாரும் ஒரு தடவைகூட இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, கையுறையும் கிடையாது. அந்த மாடியில் எங்கள் எல்லாரைவிடவும் அதிகமாகக் கிருமியைத் தொட்டது அவர்தான். நாங்கள் போட்ட காலண்டர் பட்டியலில் அவருக்கு ஒரு கோடு போடத் தோன்றவேயில்லை. அவர் வீட்டில் யாருக்காவது வந்ததா என்று கேட்கக்கூட எங்களுக்கு நாலு நாள் ஆனது.

அப்புறம் ஒழுங்காகச் செய்தோம். புதுப் பவுடராக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம், கட்டி தட்டிப்போன பழைய பவுடரில் வீரியம் இருக்காது. முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், அழுக்கு மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். துணியில் நனைத்து, குழாய்த் திருகு, தாழ்ப்பாள், ஸ்விட்ச்சுக்குப் பக்கத்துச் சுவர், கதவு விளிம்பு, பேசின் எல்லாவற்றையும் துடைத்து ஐந்து நிமிஷமாவது அப்படியே விட்டோம். கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு தாழ்ப்பாள். எத்தனை மாதமாக இருந்த கயிறு!

டிரம்முக்குத்தான் நல்ல தீர்வு கிடைத்தது, அதுவும் ரெப் அண்ணன் புண்ணியத்தில். அடியில் ஓட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டினோம், மூடியைக் கம்பியால் கட்டிவிட்டோம். இனி யாரும் கையை உள்ளே விட முடியாது. எண்பதுகளில் கொல்கத்தாவின் சேரிகளில் காலராவுக்கு இதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கை உள்ளே போகாத குறுகிய கழுத்துள்ள 'சுராய்' என்ற பானையை நோயாளிகளின் வீடுகளுக்குக் கொடுத்தார்கள், அந்த வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை, பானையின் வாயைச் சின்னதாக்கியது மட்டும்தான். எங்கள் ஆச்சி குடத்தைச் சாய்த்துத்தான் தண்ணீர் எடுப்பாள், உள்ளே சொம்பை விட்டால் கையில் ஒன்று போடுவாள். தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், உதடு பட்டால் எச்சில் என்பாள். ஆச்சிக்கு வைரஸ் தெரியாது. அந்த எச்சில், தீட்டுப் பேச்சில் வேறு பல அசிங்கங்களும் கலந்திருந்தன என்பது தனிக் கதை, ஆளைத் தள்ளி வைக்கவும் அதே வார்த்தையைத்தான் வைத்திருந்தார்கள். குடத்தைச் சாய்த்த பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இடையில் ஓஆர்எஸ் பற்றி ஒரு வார்த்தை. என் அறைத்தோழன் எனக்காக ஓடிப்போய் மருந்துக் கடையில் வாங்கி வந்தது ஓஆர்எஸ் என்று பெரிதாகப் போட்ட ஆரஞ்சு சுவை டப்பா. இனிப்பு ஜூஸ் அது. குடிக்கக் குடிக்க எனக்குப் போக்கு அதிகமானதுதான் மிச்சம். உண்மையான ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம், சிட்ரேட். வாயில் வைத்தால் கண்ணீர் மாதிரி கரிக்கும், ருசியாக இருந்தாலே சந்தேகப்படலாம். குடல் எவ்வளவு நொந்துபோயிருந்தாலும் குளுக்கோஸ் உப்பின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். சர்க்கரை கூடிப்போனால் எதிர்மாறாகத் தண்ணீர் குடலுக்குள் இறங்கும். 1971-ல் வங்கதேசப் போரில் மேற்கு வங்கத்துப் பங்காவ் அகதி முகாமில் காலரா வந்து சலைன் பாட்டில் தீர்ந்தபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் இந்த உப்பு-குளுக்கோஸைப் பொட்டலம் கட்டிக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் போல இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் இறந்தார், பத்ம விபூஷண் மறு வருஷம்தான் வந்தது. அந்த மூன்றெழுத்தை ஜூஸ் டப்பாவில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஒருவழியாகத் தடுத்தது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குறைவு, அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஆறேழு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள், பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமாக வாங்கிப் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

மெஸ் அக்காவிடம் போக எனக்கு ஒரு வாரம் ஆனது. தனியாகப் போக தைரியமில்லை, ரெப் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, கூட்டம் குறைந்த மூன்று மணிக்குப் போனேன். "அக்கா, தப்பு உங்க மேல இல்ல" என்று ஆரம்பித்து பலாப்பழம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "எட்டு பேரு நின்னுட்டாங்க தம்பி. அவங்ககிட்டயும் சொல்லிரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். எட்டு பேரையும் தேடிப்போய்ச் சொன்னேன். ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். மூன்று பேர், "அப்டியா? சரி பரவால்ல, இப்ப வேற எடத்துல செட் ஆயிருச்சு" என்றார்கள். நான் அந்த மேன்ஷனைக் காலி செய்கிறவரை அங்கேதான் சாப்பிட்டேன், முட்டைக் குழம்பு போடும் நாளில் மட்டும் பாழாய்ப்போன வயிறு கேட்காது, ரசம் போதும் என்பேன், அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றுவார்.

இதையெல்லாம் சித்தி பையனிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். முதலில் வார்டனிடம் போகாதே, ஒரு தாளை எடுத்து யாருக்கு எந்த நாளில் ஆரம்பித்தது, எந்த பாத்ரூம் என்று எழுது, மெஸ்ஸில் சாப்பிடாதவன் எவனுக்காவது வந்திருக்கிறதா பார், சரியானவன் இரண்டு நாளைக்கு யாருக்கும் பிஸ்கட்கூடப் பிரித்துக் கொடுக்க வேண்டாம் என்றேன். மெஸ்ஸாகவே இருந்தாலும் இருக்கலாம், கணக்குப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போ என்றேன். உம், உம் என்று கேட்டான்.

ராத்திரி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். அவர்கள் விங் பாத்ரூம். நீல டிரம், உள்ளே பச்சை மக், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மக்கின் கைப்பிடியில் ஒரு இரும்புச் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை கக்கூஸ் கதவுத் தாழ்ப்பாளில். கீழே, "அண்ணே இதுல எத மொதல்ல கழுவ?" என்று எழுதியிருந்தான்.